செய்யுள் வகுப்பு கேட்ட சுமைக்காரி

கலுண்டே மிஹாயோ வகுப்பறைக்குள் நுழைந்ததும் செய்கிற முதல் வேலை, வழியில் கிடக்கும் மர உரலைக் காலால் ஓரத்துக்குத் தள்ளுவதுதான். உரல் அவளுடையது இல்லை, பல்கலைக்கழகத்துடையது. வெளிநாட்டிலிருந்து வருகிற மாணவர்களுக்கு ஆப்பிரிக்கப் பண்பாடு சொல்லிக்கொடுக்க வாங்கிப் போட்டது. வாரத்தில் மற்ற நாட்களில் அந்த மாணவர்களுக்குச் சுவாஹிலி மொழி, வெள்ளிக்கிழமையானால் பண்பாடு. பண்பாடு என்றால் உரலில் சோளம் இடிப்பது, கங்காத் துணியை இடுப்பில் கட்டுவது, பெரியவர்களைக் கண்டால் எப்படிக் கும்பிடு போடுவது, மத்தளச் சத்தத்துக்கு எப்படி இடுப்பை ஆட்டுவது. போலந்துப் பையன்களும் கொரியப் பெண்களும் இடுப்பை ஆட்டப் படுகிற பாட்டைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். கலுண்டேக்கும் ஆரம்பத்தில் வந்தது.

அவளுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஊர் தபோரா. கடற்கரையிலிருந்து ரயில் ஏறினால் ஒரு பகலும் ஓர் இரவும் உள்நாட்டுக்குள் போக வேண்டும். அவள் அம்மாவே சோளத்தை மில்லில் கொடுத்து அரைத்தவள்தான். கலுண்டே உலக்கை பிடிக்கக் கற்றுக்கொண்டது டார் எஸ் சலாமுக்கு வேலைக்கு வந்த பிறகு, இந்த வகுப்புக்காக. அவள் படித்ததோ கடலோரத்தின் பழைய நெடுஞ்செய்யுள்களை. அரபு எழுத்தில் எழுதி வைத்து, வீட்டுப் பெண்கள் வாய்விட்டுப் பாடி, கை மாறிக் கை மாறி வந்த பாட்டுகள். அவற்றைத் தேடி லாமுத் தீவு வரைக்கும் படகில் போய், வீடு வீடாக உட்கார்ந்து கேட்டு எழுதித்தான் முனைவர் பட்டம் வாங்கினாள். எந்த அடியில் குரல் தாழ வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். யாரும் எழுப்பிக் கேட்கவில்லை, அதுதான் அவள் வயிற்றெரிச்சல்.

சுவாஹிலித் துறைக்குத் தலைவர் பேராசிரியர் கோண்டோ பாஸி. தொந்தியும் சிரித்த முகமுமாக இருப்பார். கெட்ட மனிதர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கதை கேட்கிறவர்கள் சுலபமாகப் பழியை அவர் தலையில் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

பாஸி ஸராமோ குலத்துக்காரர், கடலோரத்து மண். கலுண்டே நியாம்வேசி குலம். அந்தக் காலத்தில் நியாம்வேசிக்காரர்கள் யானைத் தந்தத்தைத் தலையில் சுமந்துகொண்டு மாதக்கணக்கில் நடந்து ஸராமோ ஊர்கள் வழியாகத்தான் கடலுக்கு வருவார்கள். அடிதடியும் நடந்திருக்கும், சோறும் போட்டிருப்பார்கள். எப்படியோ இரண்டு குலத்துக்கும் நடுவில் கேலிமுறை உண்டாகிவிட்டது. உத்தானி என்று அதற்குப் பெயர். நம் பக்கத்தில் மச்சான் முறைக்காரன் மாப்பிள்ளையைப் பந்தியில் வைத்து மானத்தை வாங்குவானே, அந்த மாதிரி. ஆனால் இது இரண்டு வீட்டோடு நிற்பதில்லை. முன்பின் தெரியாத ஸராமோக்காரன் பஸ்ஸில் வந்து உட்கார்ந்து, குலத்தைக் கேட்டுவிட்டு, 'அடிமையே, எழுந்து இடம் விடு' என்பான். நீயும் பதிலுக்கு வாங்கு வாங்கென்று வாங்கலாம். கோபப்படுவது ஒன்றுதான் கூடாது. கேலிமுறைக்காரனிடம் கோபப்பட்டவளை யாரும் மனுஷியாகவே மதிக்க மாட்டார்கள்.

கலுண்டே இந்த ஊருக்கு வந்த அன்று ஒரு சூட்கேஸோடு துறை வாசலில் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றாள். ஒருவரையும் தெரியாது. கடற்கரைப் புழுக்கத்தில் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பாஸி அப்போது சாதாரண ஆசிரியர்தான். அவள் பெயரைக் கேட்டதும் கையைத் தட்டிச் சிரித்தார்.

"அட, நம்ம சுமைக்காரி வந்துட்டாளா. தந்தம் எங்கடி? வெறுங்கையோடவா வந்த?"

கலுண்டேக்கு உயிர் வந்தது.

"தந்தத்தைக் குடுத்தா நீங்க என்ன பண்ணுவீங்க? அதையும் மத்தளம் அடிக்கிறவனுக்குக் குடுத்துட்டு ஆடப் போயிடுவீங்க. கடக்கரைச் சோம்பேறிங்க."

அறையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பாஸி அவள் சூட்கேஸைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, "பாருங்கப்பா, சுமைக்காரிக்கே சுமை தூக்குறேன்" என்று உள்ளே நடந்தார். அன்று அவர் வீட்டில்தான் சாப்பாடு. அவருடைய அம்மா மரவள்ளிக் கீரையைத் தேங்காய்ப்பாலில் கடைந்து போட்டு, "நல்லாத் தின்னு, தபோராவுல உனக்கு வறட்டுக் கிழங்கைத் தவிர என்ன கிடைச்சிருக்கும்" என்று முதுகில் ஒரு அடியும் போட்டாள். அந்த ஊரில் தனக்கு ஆள் இருக்கிறது என்று கலுண்டே அன்றைக்கு நினைத்தாள். அது பொய்யும் இல்லை.

செய்யுள் வகுப்பை அப்போது ஃபுமோ என்ற மூத்த ஆசிரியர் எடுத்துவந்தார். உள்ளூர் மாணவர்களுக்கான வகுப்பு அது. உண்மையில் பாட்டை அறிந்தவர். அவர் ஓய்வு பெறும்போது அது தன் கைக்கு வரும் என்று கலுண்டே காத்திருந்தாள். ஃபுமோவும் போகும்போது, "அடுத்து நீதாம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அதற்குள் பாஸி துறைத் தலைவராகியிருந்தார். செய்யுள் வகுப்பைக் கொஞ்ச நாளைக்குத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். கொஞ்ச நாள் என்றது வருஷங்களாக நீண்டது. வெளியூர்க் கூட்டம், கமிட்டி என்று பாதி வகுப்புக்கு அவர் போவதே இல்லை.

வருஷா வருஷம் பாடங்களைப் பிரிக்கிற துறைக் கூட்டத்தில் கலுண்டே எழுந்து கேட்பாள். முதல் தடவை கேட்டபோது பாஸி நாற்காலியில் சாய்ந்துகொண்டு மற்றவர்களைப் பார்த்தார்.

"கேட்டீங்களா? கடல் பாட்டு இவளுக்கு வேணுமாம். தபோராவுல ஆளு முங்கக் கூடத் தண்ணி கிடையாது. இவகிட்டக் குடுத்தா அப்படியே மூட்டை கட்டித் தலையில வச்சுத் தூக்கிட்டுப் போயிடுவா. அப்புறம் நாங்க கடக்கரையில உக்காந்து எதைப் பாடுறது?"

"நீங்க எப்ப ஐயா பாடுனீங்க? தூங்குறதுக்கே உங்களுக்கு ஆள் வச்சுல்ல தாலாட்டணும்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பாஸி தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியபோது யாரோ அடுத்த விஷயத்தை எடுத்துவிட்டார்கள். தன் வாயாலேயே தன் கோரிக்கையைக் கொன்றுவிட்டோம் என்பது கலுண்டேக்கு வீட்டுக்குப் போகிற மினிபஸ்ஸில்தான் உறைத்தது.

மறு வருஷம் உஷாராக இருந்தாள். கேட்டாள். பாஸி வழக்கம்போல வெளுத்து வாங்கினார். அவள் பதிலே பேசாமல் நின்றாள். பாஸி நெற்றியைச் சுருக்கி, "சுமைக்காரிக்கு உடம்புக்கு என்னமோ பண்ணுது, யாராவது ஒரு டீ குடுங்கப்பா" என்றார். அதற்கும் சிரித்தார்கள். டீயும் வந்தது. நல்ல இஞ்சி டீ. என்ன செய்வாள், குடித்தாள்.

அவளை அரித்தது வகுப்பு கிடைக்காதது மட்டும் இல்லை. கடல் பாட்டு கடலோரத்தானுக்குத்தான் சொந்தம், உள்நாட்டுக்காரி அதைத் தொடக் கூடாது என்று பாஸி உள்ளூர நினைக்கிறாரா, இல்லை வாய்க்கு வந்ததைச் சொல்கிறாரா? நினைக்கிறார் என்று தெரிந்தால் சண்டை போடலாம். நினைக்கவில்லை என்று தெரிந்தால் சமயம் பார்த்துத் தனியாகக் கேட்கலாம். தனியாகவும் கேட்டுப் பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவர் உடனே மேசை இழுப்பறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, "நியாம்வேசி உள்ள வந்துட்டா, பத்திரமா இருக்கணும்" என்றார். கலுண்டே தன்னை அறியாமல் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்காகத் தன்னையே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

கடைசியில் மனு எழுதி டீனிடம் கொடுத்தாள். டீன் கிலிமஞ்சாரோ மலைப் பக்கத்து அம்மாள். படபடவென்று பேசுவார், ஆனால் நியாயஸ்தி என்று பெயர். மனுவைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பாஸி உங்களுக்குக் கேலிமுறைதானே?"

"ஆமாம்மா. ஆனா இது—"

"எனக்கும் ஒருத்தன் இருக்கான், பாரே குலத்தான், கணக்குத் துறையில. என்னப் பாத்தாலே 'திருடி வர்றா, பர்ஸைப் பிடிங்க'ன்னு கத்துவான். ஜனாதிபதி வந்தாலும் கத்துவான். அதுக்கு நான் மனு எழுதுனா ஊரு என்னைப் பாத்து என்ன சொல்லும்? உங்க ரெண்டு பேரு விளையாட்டுக்குள்ள என்னை இழுக்காதீங்கம்மா."

"வகுப்பு விஷயம் விளையாட்டில்லம்மா."

"அப்ப அவருகிட்டயே கேளுங்க. துறைத் தலைவர் அவருதானே" என்று மனுவைத் திருப்பிக் கொடுத்தார்.

தபோராவில் இருக்கும் அண்ணனிடம் போனில் அழுதாள். அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஸராமோக்காரன் சொன்னதுக்கா அழற? அப்பா கேட்டா உன்ன வீட்டுக்குள்ள சேக்க மாட்டாரு" என்றான். அதோடு விடாமல், திருப்பிச் சொல்வதற்கு ஸராமோக்காரர்களைப் பற்றிப் புதிதாக ஒரு கிண்டலும் சொல்லிக்கொடுத்தான். நல்ல கிண்டல்தான்.

இவ்வளவுக்கும் நடுவில் வெள்ளிக்கிழமை தோறும் அவள் வெளிநாட்டு மாணவர்களுக்கு இதே கேலிமுறையைப் பற்றியும் பாடம் நடத்த வேண்டியிருந்தது. பாடப் புத்தகத்தில் அந்தப் பகுதியை எழுதியவளும் அவள்தான். 'கேலிமுறை பகையை உறவாக்குகிறது. கேலிமுறைக்காரர் சொல்வதை யாரும் மனதில் வைத்துக்கொள்வதில்லை' என்று அவள் நிறுத்தி நிறுத்திச் சொல்ல, மாணவர்கள் தலையைக் குனிந்து எழுதிக்கொள்வார்கள். எழுதி முடித்ததும் ஒருவரை ஒருவர் அடிமையே, திருடனே என்று சுவாஹிலியில் கூப்பிட்டுப் பழகிப் பார்ப்பார்கள். கலுண்டே உச்சரிப்பைத் திருத்துவாள்.

இப்படி இருக்கும்போதுதான் பாஸியின் அம்மா செத்துப்போனாள்.

விடியற்காலையில் பாஸியின் தங்கை ஸுஹுரா போன் செய்தாள். அழுது அழுது குரல் கட்டிப்போயிருந்தது.

"அக்கா, அம்மா போயிட்டாங்க. நீங்க வரணும். இந்தப் பக்கம் நியாம்வேசி ஆளு ஒருத்தர்கூட இல்ல. முறைக்காரங்க இல்லாம எப்படி வெளிய எடுக்கிறது? அண்ணன் உங்களத்தான் சொன்னாரு."

கலுண்டே உடனே கிளம்பிவிட்டாள். பாஸியின் ஊரான கிசராவேக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து முதலில் நன்றாக அழுதாள். மரவள்ளிக் கீரை போட்ட கை அது. முதல் நாளிலிருந்து பெருநாள் தவறாமல் கூப்பிட்டுச் சோறு போட்ட மனுஷி. கண்ணைத் துடைத்துக்கொண்டு முக்காட்டைச் சரி செய்யும்போதுதான் அந்த எண்ணம் வந்தது. பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டுவிடுமோ என்று பயந்தாள்.

சாவு வீட்டில் கேலிமுறைக்காரர்களுக்கு ஓர் உரிமை உண்டு. பிணத்தை வெளியே எடுக்க விடாமல் வாசலை மறிக்கலாம். கேட்டதைக் கொடுத்தால்தான் வழி. பெரும்பாலும் சில்லறையோ கோழியோ கொடுத்து அனுப்புவார்கள். ஆனால் முறைக்காரர் கேட்டதை அந்த வாசலில் இல்லை என்று சொன்ன வீடு கிடையாது. பாஸி தன்னிடம் இல்லை என்று சொல்ல முடியாத இடம் உலகத்தில் ஒன்றே ஒன்று இருக்கிறது, அது அவர் அம்மாவின் வாசல் என்று கலுண்டேக்குத் தோன்றியது. சீ என்று தள்ளினாள். பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று கிளம்ப, அந்த நினைப்பும் கூடவே வந்தது.

சாவு வீட்டுக்குள் போனதும் அவள் தன் முறையை ஒரு குறையும் இல்லாமல் செய்தாள். தண்ணீர் சுமந்தாள். பெண்கள் பாயில் விழுந்து அழுதுகொண்டிருந்த அறைக்குள் கிழவியின் கங்காவைப் போர்த்திக்கொண்டு வந்து, கிழவியின் நாற்காலியில் உட்கார்ந்து, கிழவி மாதிரியே வாயைக் கோணிக்கொண்டு, "யாருடி அது, என் மூக்குப்பொடி டப்பாவை எடுத்தது? நான் செத்தா உங்களுக்கெல்லாம் கொண்டாட்டமா? ஸுஹுரா, ஒப்பாரி வைக்கிறதுன்னா ஒழுங்கா வை, ஆடு கத்துற மாதிரி கத்தாத" என்று அதட்டினாள். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சிரித்ததில் இன்னும் அழுதார்கள். ஸுஹுரா அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மதியத் தொழுகைக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும் என்று ஆண்கள் அவசரப்பட்டார்கள். உடலைச் சந்தூக்குப் பாடையில் வைத்து, மேலே பச்சைத் துணி போர்த்தித் தோளில் ஏற்றினார்கள். கலுண்டே போய், முற்றத்திலிருந்து தெருவுக்குப் போகிற வாசல் நிலைப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு கையையும் இரண்டு பக்கத்துக் கதவு நிலையில் ஊன்றிக்கொண்டாள்.

"சுமைக்காரி உக்காந்துட்டா" என்று யாரோ கத்தினான். முற்றத்தில் இருந்த கூட்டம் முழுக்கத் திரும்பியது. இதற்காகத்தான் காத்திருந்த மாதிரி முகங்கள் மலர்ந்தன.

ஒரு பெரியவர் அவள் மடியில் சில்லறையைப் போட்டார். அவள் தட்டிவிட்டாள். உடனே ஒரு சேவலைக் காலைக் கட்டிக் கொண்டுவந்தார்கள்.

"சேவல் வேண்டாம்."

"பின்ன என்னடி வேணும் உனக்கு? ஆடா?"

"ஆடும் வேண்டாம்" என்றவள் சந்தூக்கைப் பார்த்து, "உன் மவன வரச் சொல்லு" என்றாள்.

பாஸி முன்னால் வந்தார். கண் வீங்கியிருந்தது. தொப்பியை மடித்துக் கையில் வைத்திருந்தார். அத்தனை வருஷத்தில் அவர் முகத்தில் சிரிப்பில்லாமல் கலுண்டே பார்த்தது அன்றைக்குத்தான்.

"என்ன வேணும், கேளு" என்றார்.

"செய்யுள் வகுப்பு வேணும்."

முற்றமே அதிர்ந்தது. சந்தூக்கைத் தூக்கியிருந்தவர்கள்கூடத் தோள் குலுங்கச் சிரித்தார்கள். "ஐயோ, சாவு வீட்டுல பள்ளிக்கூடம் கேக்குறாளே" என்று ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பாஸிக்கும் உதடு கோணிச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் நீர் வழிய வழிய, "எடுத்துக்கோடி. செய்யுளை எடுத்துக்கோ, கடலையும் சேத்து எடுத்துக்கோ. எங்கம்மாவை விடு" என்றார்.

"நான் விளையாடல" என்றாள் கலுண்டே.

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. வாசலை மறிக்கிற முறைக்காரர்கள் ஒவ்வொருவரும், கோழிக்காக உட்காருகிறவன்கூட, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு சொல்கிற வசனம் அதுதான். சிரிப்பு இரண்டு மடங்காயிற்று.

"நெஜமாத்தான் கேக்குறேன். நான் படிச்சது அதை. என் வயசெல்லாம் உரல் இடிச்சே போச்சு. குடுப்பீங்களா, மாட்டீங்களா, ஒரே ஒரு வார்த்தை இந்தச் சனங்க முன்னால நேராச் சொல்லுங்க. மாட்டேன்னாலும் சொல்லுங்க, நான் எந்திரிச்சுப் போயிடுறேன்." சொல்லும்போதே அவள் குரல் உடைந்து அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"பாரு, பாரு, கண்ணுல தண்ணிகூட வர வச்சுட்டா" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி, மெய்சிலிர்த்துப் போய். "குடுத்து வச்ச மகராசி. இந்த மாதிரி முறைக்காரி யாருக்குக் கிடைப்பா?"

கலுண்டே நிமிர்ந்து பார்த்தாள். தலைக்கு மேலே பச்சைத் துணி வெயிலில் நின்றது. சுமந்தவர்கள் பாரம் தாங்காமல் கால் மாற்றி நின்றார்கள். ஸுஹுரா சிரித்துக்கொண்டே கெஞ்சுகிற மாதிரி கையைக் கூப்பினாள். இனி எத்தனை நேரம் உட்கார்ந்தாலும், எத்தனை அழுதாலும், அத்தனையும் கிழவிக்குச் செய்கிற மரியாதையாகத்தான் போய்ச் சேரும் என்று கலுண்டேக்குப் புரிந்தது. ஒரு வார்த்தை கிடைக்காது. கையை நிலையிலிருந்து எடுத்தாள். சேவலை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு வழிவிட்டாள். எல்லாரும் அவளை வாழ்த்தினார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அந்தச் சேவல் வழி நெடுக மடியில் துள்ளியது. கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் எடு என்று வம்பிழுத்தான்.

துக்கம் முடிந்து பாஸி வேலைக்குத் திரும்பியதும் அவளைத் தன் அறைக்கு அழைத்தார். அவரே எழுந்து வந்து கதவைச் சாத்தினார். சுமைக்காரி என்று கூப்பிடவில்லை.

"கலுண்டே," என்றார், "உக்காரு. இப்ப நான் விளையாடல."

கலுண்டே உட்கார்ந்து நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கம்மாவச் சிரிச்ச முகமா அனுப்பி வச்ச நீ. இத்தனை வருஷமா பண்பாடு, பண்பாடுன்னு நான் எழுதிக் குவிச்சதெல்லாம் வெறும் காயிதம்னு அன்னைக்குத் தோணிப்போச்சு. செய்யுளை யாரு வேணா சொல்லிக்குடுப்பான். படிச்சுட்டு வந்தாப் போதும். இதை உன்ன விட்டா யாரு இருக்கா? நான் மனசுல இருந்து சொல்றேன், நான் இந்த நாற்காலியில இருக்கிற வரைக்கும் பண்பாட்டு வகுப்பு உன்னோடதுதான். எவன் வந்து கேட்டாலும் குடுக்க மாட்டேன்."

இத்தனை வருஷமாக அவரிடமிருந்து ஒரு நேரான பேச்சுக்குத்தான் அவள் ஏங்கிக் கிடந்தாள். அது வந்துவிட்டது. அவள் மெதுவாகச் சொன்னாள்.

"ஐயா, அன்னைக்கு வாசல்ல நான் கேட்டது..."

பாஸியின் முகம் சட்டென்று மலர்ந்தது. "செய்யுள் வகுப்பு. அதை மறக்க முடியுமா? துக்கம் கேக்க வர்றவங்களுக்கெல்லாம் ஸுஹுரா அதைத்தான் நடிச்சுக் காட்டுறா. ஊரே சிரிக்குது."

"நான் நெஜமாத்தான் கேட்டேன்."

அவர் அவளை ஒரு நொடி உற்றுப் பார்த்தார். அந்த ஒரு நொடி அவர் புரிந்துகொண்டாரோ என்று அவள் இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பதுண்டு. பிறகு அவர் தொந்தி குலுங்கியது.

"அதே முகம். அப்படியே அதே குரல். எப்படிடி வருது உனக்கு? இதை அப்படியே நம்ம பண்பாட்டு நாள்ல செஞ்சு காட்டணும். வெளிநாட்டுக்காரங்க நெறய பேரு வர்றாங்க. மாட்டேன்னு சொல்லாத."

மாட்டேன் என்று சொல்லலாமா என்று அவள் யோசித்தாள். சொன்னால் அவர் அதற்கும் சிரிப்பார் என்று தெரிந்தது. ஆகட்டும் ஐயா என்று எழுந்து வந்தாள்.

பண்பாட்டு நாளன்று மண்டபம் நிரம்பியிருந்தது. முன்வரிசையில் பாஸியும் டீனும் விருந்தாளிகளும் உட்கார்ந்திருந்தார்கள். மாணவர்கள் நாலு பேர் ஒரு மேசையைச் சந்தூக் மாதிரித் தோளில் தூக்கிக்கொண்டார்கள். கலுண்டே மண்டபத்தின் கதவு நிலையில் கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தாள். சேவல் வேண்டாம் என்றாள். செய்யுள் வகுப்பு வேண்டும் என்றாள். நான் விளையாடல என்றாள். மண்டபம் சிரித்துக் களைத்தது. டீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அழுகிற இடம் வந்ததும் அழுகையும் வந்தது, அதற்கு அவள் ஒன்றும் பாடுபட வேண்டியிருக்கவில்லை.

முடிந்ததும் கேள்வி நேரம். பிரேசிலிலிருந்து வந்திருந்த ஒரு பெண், வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தது, எழுந்து நின்று ஒவ்வொரு சொல்லாக யோசித்துத் திருத்தமாகச் சுவாஹிலியில் கேட்டாள்.

"ஆசிரியரே, அவர் அந்த வகுப்பை உங்களுக்குக் கொடுத்தாரா?"

மண்டபம் பதிலுக்காகக் காத்திருந்தது. பாஸியும் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று ஆவலாகப் பார்த்தார். கலுண்டே நிலைப்படியில் உட்கார்ந்தபடியே அவர் கண்ணைப் பார்த்தாள்.

"இல்லம்மா. குடுக்கல" என்றாள். "இனியும் குடுக்க மாட்டார்."

முதலில் கை தட்டியது பாஸிதான். எழுந்து நின்று தட்டினார். அவரைப் பார்த்து டீனும் விருந்தாளிகளும் மாணவர்களும் எழுந்தார்கள். கேட்ட பெண்ணும் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டே தட்டினாள். கைதட்டல் ஓயவே இல்லை. கலுண்டே கையை நிலையிலிருந்து எடுத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஓரமாக ஒதுங்கி நின்றாள். தேநீருக்கு எல்லாரும் அந்த வாசல் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது.